ஓய்வால் வகுத்தால் வரும் வரிசை

பெரும்பாக்கத்தில் இருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையின் இரு பக்கமும் எழுந்து நிற்கும் அடுக்ககங்களில், ஏதாவது ஒரு மாடியில் ராத்திரி இரண்டு மணிக்கும் விளக்கு எரியும். அமெரிக்க ஷிஃப்ட். டல்லாஸில் ஒரு கடைக்காரருக்கு பில் போடும் மென்பொருள் நின்றுபோயிருக்கும். அவர் எழுதிய மின்னஞ்சல் இங்கே ஒரு லேப்டாப்பில் ‘டிக்கெட்’டாக வந்து விழும். ‘சப்போர்ட்ல இருக்கேன்’ என்று சொல்லும் பிள்ளைகள் இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு புகார் தவறாமல் வரும்: போன வாரம் வரைக்கும் சமாளித்தோம், இந்த வாரம் க்யூ எகிறிவிட்டது, ஆனால் டிக்கெட் ஒன்றும் பெரிதாகக் கூடவில்லை. டீம் லீட் நம்ப மாட்டார். யாரோ மெத்தனமாக வேலை செய்கிறார்கள் என்று நினைப்பார்.

புகார் உண்மைதான். அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேல் பழைய ஒரு கணிதம் இருக்கிறது.

ஒரே ஒருவர் சப்போர்ட் பார்க்கும் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு டிக்கெட்டை முடிக்க அவருக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகிறது. அவர் நேரத்தில் பாதி டிக்கெட்டுக்குப் போகிறது, பாதி நேரம் கை காலி. அப்போது புதிதாக வரும் ஒரு டிக்கெட், அவர் அதைத் திறப்பதற்குள் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருக்கும். நேரத்தில் 80 சதவீதம் வேலைக்குப் போனால் காத்திருப்பு 40 நிமிடம். 90 சதவீதம் என்றால் ஒன்றரை மணி நேரம். 95 என்றால் 3 மணி 10 நிமிடம். 99-ஐத் தொட்டால் பதினாறரை மணி நேரம்.

இதன் சூத்திரத்தை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடும். வேலையில் இருக்கும் பங்கை, ஓய்வில் இருக்கும் பங்கால் வகுக்க வேண்டும். வருவதைப் பத்து நிமிடத்தால் பெருக்க வேண்டும். 90-ஐ 10-ஆல் வகுத்தால் 9. 99-ஐ 1-ஆல் வகுத்தால் 99. வகுக்கும் எண் ஓய்வு என்பதால், அது சுருங்கச் சுருங்க விடை விண்ணுக்குப் போகிறது. எட்டு மணி நேர நாளுக்கு 43 டிக்கெட் வந்துகொண்டிருந்தால் காத்திருப்பு ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. அதுவே 46 ஆனால், பல நாள் ஓட்டத்தில் எடுத்த சராசரி கிட்டத்தட்ட நாலு மணி நேரம். கூடியது மூன்றே மூன்று டிக்கெட். அந்தப் பிள்ளைகளின் புகார் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

எட்டு மணி நேரத்தில் 48 டிக்கெட் முடிக்கக் கூடியவரிடம் 46 வந்தால் ஏன் தேங்க வேண்டும்? டிக்கெட்டுகள் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று கடிகாரம் பார்த்து வந்து, ஒவ்வொன்றும் சரியாகப் பத்து நிமிடத்தில் முடிந்தால் தேங்காதுதான். அவை அப்படி வருவதில்லை. அரை மணி நேரம் ஒன்றும் வராது, பிறகு ஐந்து சேர்ந்து வரும். சும்மா இருந்த நேரத்தை யாரும் சேர்த்துவைக்க முடியாது. காலை 11 மணிக்கு டிக்கெட் இல்லாமல் கழிந்த இருபது நிமிடத்தை மாலை 4 மணிக்கு எடுத்துச் செலவழிக்க வழியே இல்லை. தேங்கிய டிக்கெட்டோ தானாகக் கரையாது. அடுத்த இடைவெளி வரும்வரை நிற்கும். இடைவெளி சின்னதாக இருந்தால், அது முழுதாகக் கரைவதற்குள் அடுத்த கொத்து வந்து சேரும். காலை ஒன்பது மணிக்கு மேடவாக்கம் கூட்ரோட்டில் நிற்பவர்களுக்கு இது உடம்பில் ஏறிய அறிவு. மெட்ரோ வேலைக்கான தடுப்பு சாலையில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டாலும், வண்டி வரிசை எங்கேயோ போய் நிற்கிறது.

இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் எர்லாங். 1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் முன் இருந்த கேள்வி காசு சம்பந்தப்பட்டது: ஓர் ஊருக்கு எத்தனை இணைப்பு போட்டால் போதும்? அதிகம் போட்டால் செலவு, குறைத்தால் அழைப்பவர் காத்திருக்க வேண்டும். யார் எப்போது போனை எடுப்பார் என்று தனித்தனியே சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் பேர் சேர்ந்து எடுப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று அவர் 1909-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். 1917-இல் வந்த அவருடைய சூத்திரங்களைக் கால் சென்டர்களில் ஷிஃப்ட் போடுபவர்கள் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்கள். தொலைபேசிப் பளுவின் அலகுக்கு இப்போது பெயரே எர்லாங்தான்.

அந்தச் சூத்திரங்களில் எனக்குத் தீராத வியப்புத் தருவது ஒன்று உண்டு. பத்துப் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல் பெட்டி, தனி வாடிக்கையாளர்கள். ஒவ்வொருவரும் 80 சதவீத வேலையில். டிக்கெட் 40 நிமிடம் காத்திருக்கும் என்று முன்பே பார்த்தோம். இப்போது அந்தப் பத்துப் பெட்டியையும் ஒன்றாக்கி, கை காலியானவர் அடுத்த டிக்கெட்டை எடுக்கட்டும் என்று மட்டும் மாற்றுங்கள். ஆட்கள் அவர்களே. வேகம் அதுவே. டிக்கெட்டும் அவ்வளவே. காத்திருப்பு 40 நிமிடத்தில் இருந்து 2 நிமிடமாக இறங்கிவிடும். ஒருவரிடம் ஐந்து டிக்கெட் தேங்கிக்கிடக்க இன்னொருவர் சும்மா உட்கார்ந்திருப்பது தனிப்பெட்டி முறையில் நாள்தோறும் நடக்கும். பொது வரிசையில் அது நடக்கவே முடியாது. யாரும் கூடுதலாக உழைக்காமல் கிடைக்கும் இருபது மடங்கு லாபம் இது.

இந்தப் பொது வரிசையை மென்பொருளாக்கி விற்றே உலகம் அறிய வளர்ந்த நிறுவனம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெரும்பாக்கத்தில் இருந்து ஓ.எம்.ஆரைப் பிடித்தால் கொஞ்ச தூரத்தில் பெருங்குடி. அங்கே குளோபல் இன்ஃபோசிட்டி வளாகத்தில் ஃபிரெஷ்வொர்க்ஸ். திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-இல் தொடங்கியது. அப்போது பெயர் ஃபிரெஷ்டெஸ்க். இருவரும் ஜோஹோவில் வேலை பார்த்தவர்கள். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009-இல் பெயர் மாறிய அந்த ஜோஹோ, இன்று தாம்பரம் தாண்டி கூடுவாஞ்சேரிப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. சென்னையின் தென்புறத்தை மென்பொருள் பொருட்களின் ஊராக ஆக்கியதில் அதன் பங்கு பெரிது.

ஃபிரெஷ்டெஸ்க் பிறந்த கதையைக் கிரிஷ் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் ஆஸ்டினில் இருந்து சென்னைக்குக் குடிமாறியபோது அவருடைய டிவி உடைந்து வந்து சேர்ந்தது. இன்சூரன்ஸ் பணத்துக்கு எழுதினார், போன் செய்தார், நகரவில்லை. கடைசியில், தாயகம் திரும்பும் இந்தியர்கள் கூடும் ஓர் இணைய மன்றத்தில் நடந்ததை எழுதினார். உடனே நிறுவனத்தின் தலைவரே மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்தது. வாடிக்கையாளர் கையில் இப்படி ஒரு பலம் வந்துவிட்டது என்பதை அவர் அங்கே கண்டார். அதே 2010-இல், இந்தத் துறையில் முன்னணியில் இருந்த ஸென்டெஸ்க் விலையைக் கூட்ட, வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். 700 சதுர அடி இடத்தில் ஒரு சின்னக் குழு வேலையைத் தொடங்கியது. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உள்ள அட்வெல் கல்லூரி. பெர்த் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே எட்டரைக்கு ஒருவர் நாளைத் தொடங்கும்போது இங்கே விடியற்காலை ஆறு. 2021 செப்டம்பர் 22 அன்று அந்த நிறுவனம் நாஸ்டாக்கில் பங்கு ஒன்று 36 டாலருக்குப் பட்டியலானது, நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டியது.

பொது வரிசை என்று சொல்வது எளிது. ஒரே வாடிக்கையாளர் பத்து மின்னஞ்சல் அனுப்பினால் அது பத்து டிக்கெட்டா, ஒன்றா? ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும், நம் கண்ணுக்குப் படாமல், உலகில் வேறு எதற்கும் இல்லாத ஓர் அடையாளக் குறி இருக்கும். பதில் எழுதினால், எந்தக் குறிக்குப் பதில் என்பதும் கூடவே போகும். 1982-இலேயே இதற்கு விதி எழுதிவிட்டார்கள். ஹெல்ப்டெஸ்க் மென்பொருள் இந்தக் குறிகளைப் பிடித்துக்கொண்டு, மூன்று வாரம் கழித்து வரும் ‘இன்னும் சரியாகவில்லை’ என்ற ஒற்றை வரியைச் சரியான டிக்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இன்னொரு தொல்லை, ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு பேர் வெவ்வேறு பதில் அனுப்புவது. அதைத் தடுக்க, ஒருவர் டிக்கெட்டைத் திறந்து தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மற்றவர் திரையில் அது தெரியும். சின்ன வசதிதான். ஒரே நிறுவனத்திடம் இருந்து ஐந்து நிமிட இடைவெளியில் முரணான இரண்டு பதில் வாங்கியவருக்கு அதன் அருமை தெரியும்.

மென்பொருளை மாத வாடகைக்கு விடும் நிறுவனத்துக்கு இதெல்லாம் உயிர்ப்பிரச்சினை. மாதம் 5 சதவீத வாடிக்கையாளர் விலகினால், கேட்க ஒன்றும் மோசமில்லை என்று தோன்றும். நூறு பேரில் வருஷக் கடைசியில் மிஞ்சுவது 54 பேர். ஒரு சதவீதம் மட்டும் விலகினால் 88 பேருக்குக் குறையாது. ஐந்து சதவீதம் இழக்கும் நிறுவனமும் ஒரு சதவீதம் இழக்கும் நிறுவனமும் விற்பது ஒரே தரமான பொருளாகவே இருக்கலாம். மூன்றாம் வருஷம் ஒன்று இருக்கும், இன்னொன்று இருக்காது.

எனவே காத்திருப்பைக் குறைக்க வேண்டும். ஆள் சேர்ப்பது ஒரு வழி. சின்ன நிறுவனத்தால் எடுத்த எடுப்பில் அது முடியாது; இன்னும் வருத்தமான சங்கதி, கணிதமும் சின்னவர்களுக்குச் சாதகமாக இல்லை. பத்துப் பேர் குழு 80 சதவீத வேலையிலும் 2 நிமிடத்தில் எடுக்கும்போது, ஒற்றை ஆள் அந்த வேகத்துக்கு வர வேண்டுமானால் ஆறில் ஐந்து பங்கு நேரம் கை காலியாக இருக்க வேண்டும்.

ஆனால் வரிசைக்கு இன்னொரு கதவு உண்டு. 1930-களின் தொடக்கத்தில் பொலாசெக், கின்சின் என்ற இரு கணித அறிஞர்கள் காட்டியது இது: காத்திருப்பு, வேலையின் அளவை மட்டும் பொறுத்ததல்ல, வேலைகள் எவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கின்றன என்பதையும் பொறுத்தது. மேலே சொன்ன ஒற்றை ஆளுக்கு எல்லா டிக்கெட்டும் சரியாகப் பத்து நிமிடமே பிடித்தால், சராசரி மாறாமலே காத்திருப்பு பாதியாகும். ஒன்று இரண்டு நிமிடம், அடுத்தது மூன்று மணி நேரம் என்று வந்தால் எகிறும். கடவுச்சொல் மறந்தவர், டேட்டாபேஸ் கோளாறில் சிக்கியவரின் பின்னால் நிற்க நேர்கிறதே, அதுதான் காரணம். வந்ததும் பிரித்து, பெரியதைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் ஆள் சேர்க்காமலே பலன் தரும்.

சின்ன ஸ்டார்ட்அப்பின் உண்மையான பலம் இதையும் தாண்டி இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் சப்போர்ட்டில் இருப்பவர் ஒருவர், கோடு எழுதுபவர் வேறொருவர். நடுவில் மூன்று படி எஸ்கலேஷன். சின்ன இடத்தில் இரண்டும் ஒரே ஆள். ஒரே கேள்வி நாலாம் முறை வரும்போது அவர் பதிலை எழுதிவிட்டு, அந்தத் திரையையே திறந்து பட்டனின் பெயரை மாற்றிவிடுவார். நாளையில் இருந்து மூன்று டிக்கெட் வராமலே போகும். மூன்று டிக்கெட் என்ன செய்யும் என்பதை 43-க்கும் 46-க்கும் நடுவில் பார்த்தோம். டெவலப்பர்களைச் சப்போர்ட்டில் உட்கார வைப்பது நேர விரயம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

காத்திருப்பவர் மனமும் இதில் உண்டு. 1985-இல் டேவிட் மைஸ்டர் எழுதிய கட்டுரை ஒன்று வரிசையின் உளவியலைப் பேசியது: எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகப் படும், காரணம் சொல்லாத காத்திருப்பு, சொன்னதைவிட நீளம். ‘நாளை மதியத்துக்குள் பார்த்துச் சொல்கிறேன்’ என்று எழுதும் ஒரு மனிதரின் வரிக்கு மதிப்பு அதனால்தான். ‘உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம்’ என்று இயந்திரம் அனுப்பும் வரி இந்த இரண்டில் எதையும் சொல்வதில்லை. முதல் பதிலுக்கு எடுத்த நேரம் என்ற அளவீட்டை மட்டும் அது அழகாக்கிக் காட்டும். வாடிக்கையாளர் ஏமாற மாட்டார்.

இப்போது சாட்பாட் வந்திருக்கிறது. நூறு டிக்கெட்டில் அறுபதை அதுவே முடித்துவிடுகிறது, ஆளைப் பாதியாக்கலாம் என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. கணக்கை உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு நூறு டிக்கெட். அறுபது எளியவை, தலா 4 நிமிடம். நாற்பது கடினமானவை, தலா 25 நிமிடம். மொத்தம் 1240 நிமிடம். நாலு பேர் எட்டு மணி நேரம் இருந்தால் கையில் 1920 நிமிடம், பளு 65 சதவீதம். பாட் எடுத்துக்கொள்வது எளிய அறுபதைத்தான். டிக்கெட்டில் 60 சதவீதம் போனது. வேலையில் போனது 240 நிமிடம், ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சம் 1000 நிமிடம். ஆளை இரண்டாகக் குறைத்தால் கையில் இருப்பது 960. ஓய்வு என்பதே இல்லாததால் வகுக்கவும் எண் இல்லை. நாளுக்கு 40 நிமிட வேலை மிஞ்சிக்கொண்டே போய், 25 வேலை நாளில் நாற்பது டிக்கெட் தேங்கி நிற்கும், அத்தனையும் கடினமானவை. மூன்று பேரை வைத்திருந்தால் பளு 69 சதவீதம். வரிசை தேங்கிப்போகாமல் ஓடும்.