தீக்காப்பு விதிக்கோவைகளும் ‘இயலுமாயின்’ என்ற சொல்லும்

கட்டடங்களின் தீக்காப்புப் பற்றி எழும் அடிப்படை வினாக்கள் இரண்டு. தீப்பற்றிய கட்டடம் இடியாது நிற்குமா என்பது ஒன்று; அதனுள் இருந்தோர் உயிருடன் வெளியேறுவரா என்பது மற்றையது. முதலாவதற்கு விடை கிடைத்தால் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிடும் எனக் கருதுவோர் பொறியியல் கற்றோரிடையேயும் உளர். ஆயின் வரலாற்றை நோக்குமிடத்து, முதலாவது வினா சட்டத்தில் இடம்பெற்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே, தொழிற்சாலைகளில் உழைப்போரைப் பொறுத்தவரை, இரண்டாவது வினா முறைப்படி கேட்கப்பட்டது என்பது புலனாகும். இத்தாமதத்தின் காரணத்தையும், விதிகளின் சொல்லமைப்பில் அது விட்டுச்சென்ற தடங்களையும் இங்கு ஆராய முனைகின்றோம்.

1666 செப்டெம்பரில் இலண்டன் மாநகரின் ரொட்டிக்கடையொன்றில் மூண்ட தீ, ஒரு சில நாட்களுள் ஏறத்தாழ 13,200 வீடுகளை அழித்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட மீள்நிர்மாணச் சட்டம், புறச்சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமைதல் வேண்டும் எனவும், வீடுகளுக்கு இடைப்பட்ட சுவர்கள் குறித்த தடிப்பினவாதல் வேண்டும் எனவும் விதித்தது. தீ ஒருவர் சொத்திலிருந்து அடுத்தவர் சொத்துக்குத் தாவாது தடுத்தலே அதன் நோக்கம். 1680ஆம் ஆண்டளவில் தீக்காப்புறுதி வணிகமும் அந்நகரிலேயே தோன்றிற்று. அமெரிக்காவில் 1896இல் தேசிய தீத்தடுப்புச் சங்கத்தை நிறுவியோரிலும் காப்புறுதித் துறையினரே மேலோங்கியிருந்தனர். தன்னியக்க நீர்தெளிப்பான்களை எவ்வாறு பொருத்துவது என்பதே அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட பணி. இழப்பை ஈடுசெய்ய வேண்டியிருந்தோர் இழப்பைக் குறைக்கும் நியமங்களை வகுத்தமை இயல்பே. எனினும் எரிந்த துணிக்கு ஈடு கொடுத்தவர்களின் கணக்கேட்டில், எரிந்த தொழிலாளிக்கென ஒரு நிரல் இருக்கவில்லை.

கட்டடம் நிற்குமா என்ற வினாவுக்கு நியமங்கள் தரும் விடை தெளிவானது. சுவர், தூண், கதவு போன்ற உறுப்பொன்றை உலையில் வைத்து, முன்கூட்டியே வரையறுத்த வளையியின்படி சூடாக்குவர். ஐ.எஸ்.ஓ. 834 என்ற சர்வதேச நியமத்தின்படி உலையின் வெப்பநிலை 30 நிமிடத்தில் ஏறத்தாழ 842 பாகை செல்சியசையும், 60 நிமிடத்தில் 945 பாகையையும், 120 நிமிடத்தில் 1,049 பாகையையும் எய்தும். உறுப்பு தன் சுமையை எத்துணை நேரம் தாங்குகிறது, சுவாலையை எத்துணை நேரம் மறித்துநிற்கிறது, அதன் மறுபுறம் எத்துணை நேரம் மிகையாகச் சூடேறாதிருக்கிறது என்பன அளக்கப்படும். உருக்கு 550 பாகையளவில் தன் வலிமையில் ஏறக்குறைய அரைப்பங்கை இழந்துவிடுமாதலின், அதற்குக் கொங்கிறீற்றோ வேறு காப்புப் பொருளோ போர்த்தப்படுகிறது. மெய்யான தீ இவ்வளையியைப் பின்பற்றுவதில்லை என்பதைப் பரிசோதகர்கள் நன்கறிவர். பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவுகோலாகவே அது கொள்ளப்படுகிறது.

இவ்வளவுகோலால் மட்டும் நோக்கின், நியூயோர்க் நகரின் ஆஷ் கட்டடம் தேர்ச்சி பெற்ற கட்டடமாகும். பத்து மாடிகளைக் கொண்ட அதனைத் ‘தீப்பற்றாக் கட்டடம்’ என்றே அழைத்தனர். அதன் மேல் மூன்று மாடிகளிலும் ட்ரயங்கிள் சட்டைத் தொழிற்சாலை இயங்கிற்று. 1911 மார்ச் 25ஆம் திகதி சனிக்கிழமை மாலை, வேலை முடியும் தறுவாயில் எட்டாம் மாடியில் தீ மூண்டது. ஏறத்தாழ அரைமணி நேரத்துள் எல்லாம் முடிந்தது. மாண்டோர் 146 பேர். அவர்களுள் 123 பேர் பெண்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேற்றக் குடும்பங்களைச் சேர்ந்த இளம் பெண்களாவர். கட்டடத்துக்கோ பெருஞ் சேதமில்லை. இன்றும் அது நிற்கின்றது. பல்கலைக்கழகமொன்றின் வகுப்புகள் அதில் நடைபெறுகின்றன.

கட்டடம் நிற்க, மனிதர் மாண்டது எவ்வாறு? ஒன்பதாம் மாடியில் படிக்கட்டுக் கதவுகளுள் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. தொழிலாளர் யாவரும் மற்றைய வழியாலேயே வெளியேறி, தம் கைப்பைகளைச் சோதனைக்குக் காட்டவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு பூட்டினர். கட்டடம் வரையப்பட்ட காலத்தில், அதன் தளப்பரப்புக்கு மூன்றாவது படிக்கட்டு வேண்டும் என நகர அதிகாரி சுட்டிக்காட்டியிருந்தார். புறத்தே பொருத்தப்படும் இரும்புத் தப்புபடியை மூன்றாவதாகக் கொள்ளலாம் எனக் கட்டடக் கலைஞர் வாதிட்டு வென்றார். அத்தப்புபடி அன்று பாரந்தாங்காது முறிந்து வீழ்ந்தது. தீயணைப்புப் படையின் ஏணிகளோ ஆறாம் மாடி வரையே எட்டின.

எமது கவனத்தை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. தொழிற்சாலைக் கதவுகள் வேலை நேரத்தில் பூட்டப்படலாகாது எனவும், நடைமுறையில் இயலுமாயின் அவை வெளிப்புறமாகத் திறத்தல் வேண்டும் எனவும் நியூயோர்க் மாநிலத் தொழிற்சட்டம் அன்றே கூறியிருந்தது. ஆஷ் கட்டடத்தின் கதவுகள் உட்புறமாகவே திறந்தன. படிக்கட்டின் மேற்றளம் ஒடுக்கமாக அமைந்தமையால் வெளிப்புறமாகத் திறத்தல் ‘இயலாது’ என்பது விளக்கம். படியை ஒடுக்கமாகக் கட்டியவருக்கே அவ்வொடுக்கம் சட்டத்திலிருந்து விலக்கும் பெற்றுக்கொடுத்தது. ஒரு சொல்லுக்கு இத்துணை வலிமை உண்டு என்பதைச் சட்டம் பயில்வோர் அறிவர். வரைபடம் வரைவோரும் அறிதல் நன்று.

உரிமையாளர் இருவரும் அவ்வாண்டு டிசெம்பரில் விடுதலையாயினர். கதவு அவ்வேளையில் பூட்டப்பட்டிருந்தமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பது ஐயமற நிறுவப்படவேண்டியிருந்தது. 1914இல் குடியியல் வழக்குகள் உயிரொன்றுக்கு 75 டொலர் வீதம் தீர்க்கப்பட்டன. ஆனால் தெருக்களில் திரண்ட தொழிலாளரின் சீற்றம் நீதிமன்றத்துடன் அடங்கவில்லை. 1911இல் அமைக்கப்பட்ட தொழிற்சாலை விசாரணை ஆணைக்குழுவின் பயனாக முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன. தேசிய தீத்தடுப்புச் சங்கமும் 1913இல் உயிர்க்காப்புக்கெனத் தனிக்குழு நிறுவி, 1927இல் கட்டட வெளியேறுவழிக் கோவையை வெளியிட்டது. சங்கம் தோன்றி முப்பத்தோராண்டு கழிந்தே அதன் நியமங்களுள் மனிதருக்கென ஒரு கோவை உருவாயிற்று.

வெளியேறுவழி பற்றிய இவ்விதிகள் மனித உடலையும் நேரத்தையும் அளவாகக் கொண்டவை. ஒரு மனிதரின் தோளகலத்துக்கென 22 அங்குலம் என்ற அலகு நெடுங்காலம் வழங்கிற்று. ஆஷ் கட்டடத்தின் படிகளோ 33 அங்குல அகலமே கொண்டவை. அதே 1911ஆம் ஆண்டு மே மாதம் எடின்பரோவில் நாடக அரங்கொன்றில் மேடை எரிந்தபோது, பார்வையாளர் ஏறத்தாழ மூவாயிரவரும் இரண்டரை நிமிடத்தில் வெளியேறினர் என்பர். பிரித்தானிய வழிகாட்டல்களில் நெடுங்காலம் நிலைத்த இரண்டரை நிமிட அளவை இந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்துவது வழக்கம். எவ்விடத்திலிருந்தும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இரு வழிகள், வாயிலுக்கு நடக்கவேண்டிய உச்சத் தூரம், புகை புகாவண்ணம் சுவரால் அடைக்கப்பட்ட படிக்கட்டு, செல்வோரின் திசையிலேயே திறக்கும் கதவு என்பன யாவும் ஒரே கணக்கின் உறுப்புகள்: புகை சூழ்வதற்கு எடுக்கும் நேரம், வெளியேறுவதற்கு வேண்டிய நேரத்தினும் மிகுந்திருத்தல் வேண்டும்.

அண்மைக் காலத்தில் பல நாடுகள் அளவு விதிகளினின்று விலகி, செயல்நோக்கு விதிகளை நாடியுள்ளன. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இம்மாற்றத்தைக் கொணர்ந்தன. இத்தனை அங்குலம் என்று கூறுவதற்குப் பதிலாக, புறச்சுவர் தீப்பரவலைப் போதியளவு எதிர்த்தல் வேண்டும் என்று மட்டும் கூறுவர். வழியைத் தெரிவது வடிவமைப்போரின் பொறுப்பு. அறிவியல் நோக்கில் இது முன்னேற்றமே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ‘இயலுமாயின்’ இருந்த ஆசனத்தில் இங்கே ‘போதியளவு’ அமர்ந்துள்ளது. இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் 24 மாடிகளும் ஒற்றைப் படிக்கட்டும் கொண்ட பொது வீடமைப்புக் கட்டடம். 2016இல் முடிவுற்ற புதுப்பிப்பின்போது செலவைக் குறைக்கும் பொருட்டு, நாகத் தகடுகளுக்குப் பதிலாகப் பொலியெதிலீன் உள்ளீடு கொண்ட அலுமினியத் தகடுகள் அதன் புறத்தே போர்த்தப்பட்டன. 2017 யூன் 14ஆம் திகதி சமையலறையொன்றில் மூண்ட தீ அத்தகடுகளின் வழியே கோபுரத்தைச் சூழ்ந்தது. ஒவ்வொரு வீடும் தீயைத் தன்னுள் அடக்கும் என்ற வடிவமைப்பு நம்பிக்கையின்பேரில், வீட்டினுள் இருங்கள் என்ற அறிவுரை அதிகாலை 2.47 வரை கைவிடப்படவில்லை. 72 பேர் மாண்டனர். கொங்கிறீற்றுச் சட்டகம் இங்கும் நின்றது. குடியிருப்பாளர் சிலர் தீயாபத்துப் பற்றி முன்னரே எச்சரித்திருந்தனர். தகடுகளையும் காப்புப் பொருள்களையும் ஆக்கி விற்றோர் பரிசோதனை முடிவுகளைத் திரித்துச் சந்தையை ஏமாற்றினர் என 2024இல் வெளியான விசாரணை அறிக்கை கண்டது. 2018 டிசெம்பரிலிருந்து, 18 மீற்றருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புக் கட்டடங்களின் புறச்சுவரில் எரியும் பொருள்கள் இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டன. அவ்வளவில் ‘போதியளவு’ என்பதற்கு விளக்கம் தேடவேண்டிய தேவை அகன்றது.

எமது பிராந்தியத்தில் விதி இல்லாமை அன்று, விதியைச் செயற்படுத்தும் பலம் இல்லாமையே பெருங்குறை. 2012 செப்டெம்பரில் கராச்சியின் ஆடைத் தொழிற்சாலையொன்றில் 250க்கு மேற்பட்டோர் கம்பியிட்ட யன்னல்களுக்கும் பூட்டிய கதவுகளுக்கும் இடையே மாண்டனர். அத்தொழிற்சாலை சர்வதேசத் தொழில்நியமச் சான்றிதழொன்றைச் சில வாரங்களுக்கு முன்னரே பெற்றிருந்தது. தீ வேண்டுமென்றே மூட்டப்பட்டது எனப் பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யன்னற் கம்பிகளுக்கு அத்தீர்ப்பு விடையாகாது. இரு மாதங்களின் பின் டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் தொழிற்சாலையில் 112 பேருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். அங்கே படிக்கட்டுகள் மூன்று இருந்தன. மூன்றும் நூற்கிடங்கு எரிந்துகொண்டிருந்த நிலமாடிக்கே இறங்கின. எண்ணிக்கையை மட்டும் சரிபார்க்கும் பரிசோதகருக்கு மூன்று என்பது நிறைவான விடையாகத் தோன்றியிருக்கக்கூடும்.

2013 மே மாதத்தில் தொழிற்சங்கங்களும் ஆடை வாங்கும் நிறுவனங்களும் வங்காளதேசத் தொழிற்சாலைகள் தொடர்பாகச் சட்டவலுவுள்ள உடன்படிக்கையொன்றைச் செய்துகொண்டன. பொறியியலாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பார்வையிட்டு முதலில் அகற்றுவித்தவற்றுள் ஒன்று, படிக்கட்டு வாயில்களில் இருந்த பூட்டக்கூடிய இரும்பு மடிப்புக்கதவுகளாகும். பாதுகாப்பற்றதெனத் தாம் நியாயமாகக் கருதும் கட்டடத்தினுள் செல்ல மறுக்கும் உரிமை தொழிலாளருக்கு அதில் வழங்கப்பட்டது. பரிசோதனை அறிக்கைகள் எவரும் வாசிக்குமாறு பகிரங்கமாக வெளியிடப்பட்டன.