பொன்னிறத்துக்கு யார் பொறுப்பு?

விலை உயர்ந்த டெக்கீலாவைக் குடித்துவிட்டு ஆகா என்பதற்குப் பெரிய திறமை வேண்டாம். மலிவு விலை ‘அன்யேஹோ’ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பொன்னிறம் மரம் கொடுத்ததா, ஆலைக்காரர் கலந்ததா என்று துப்பறிவதில்தான் மூக்குக்கு வேலை.

600 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் ஓராண்டாவது கிடந்த டெக்கீலாவே அன்யேஹோ. இரண்டு மாதமாவது கிடந்தால் ரெபோசாடோ. அதுவரை சரி. ஆனால் மெக்ஸிகோவின் விதிகள் கேரமல் நிறமி, ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப்பாகு ஆகியவற்றை எடையில் 1 சதவீதம் வரை சேர்த்துக்கொள்ளவும் இடம் தருகின்றன. கேரமல் வயதைக் கூட்டிக் காட்டும். ஓக் சாறு பீப்பாய் வாசம் தரும். கிளிசரின் நாக்கில் வழுவழுப்பாக உருளும். அந்த அளவுக்குள் இருந்தால் லேபிளில் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணை நம்பிப் பயனில்லை. பிரான்ஸின் போர்தோ நகரில் ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களிடம், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் வெளியான அந்த ஆய்வில், மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் வர்ணித்திருந்தார்கள். அடர்ந்த பழுப்பைக் கண்டதும் ‘நன்றாக முதிர்ந்தது’ என்று நமக்குத் தோன்றுவதும் இந்த ரகம்தான். நிறம் தெரியாத குவளையில் ஊற்றி முகர்வது நல்லது.

உண்மையான மரம் செய்யும் வேலை என்ன? போர்பன் விஸ்கிக்கு உள்பக்கம் கருக்கிய புது ஓக் கலன்தான் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுபடி அதற்கு உதவாது. அப்படிக் கழித்துவிட்டவற்றில் பல ஜலிஸ்கோ மாநிலத்து டெக்கீலா ஆலைகளுக்கு வந்துசேர்கின்றன. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் நெருப்பில் உடைந்து வெனிலினைத் தருகிறது. ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலி கருகிக் கேரமல் மணமாகிறது. ஓக் லாக்டோன் தேங்காய் வாசத்தைச் சேர்க்கிறது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று மெல்ல உள்ளே புகுந்து சாராயத்தின் முரட்டுத்தனத்தைத் தணிக்கிறது. அதே வழியில் ஒரு பங்கு ஆவியாக வெளியேறியும் விடுகிறது. காத்திருக்கக் காத்திருக்கச் சரக்கு குறையும். மலிவு விலையில் நீண்ட முதிர்ச்சி என்றால் சந்தேகம் வருவது இதனால்தான்.

மரத்துக்கு அடியில் ஒரு செடி இருக்கிறது. நம் ரயில் பாதையோரங்களில் நிற்கும் ஆனைக்கற்றாழையின் பேரினத்தைச் சேர்ந்த நீலக் கற்றாழை. பல ஆண்டுகள் வளர்ந்தபின் இலைகளைச் சீவி எறிந்து, அன்னாசிபோல் மிஞ்சும் நடுத்தண்டை அடுப்பில் வேகவைப்பார்கள். அதிலுள்ள ஃப்ரக்டான் உடைந்து இனிக்கும் ஃப்ரக்டோஸ் ஆகும். கூடவே வெந்த கிழங்கின் மணமும் பிறக்கும். செலவைக் குறைக்க நினைக்கும் ஆலைகள், பச்சைத்தண்டைத் துருவி வெந்நீரைப் பாய்ச்சிச் சர்க்கரைச் சாற்றை முதலில் இறக்கிக்கொண்டு, சாற்றை மட்டும் சூடாக்கும். வெந்த மணம் அங்கே மெலிந்துபோகிறது. ஆகவே தேட வேண்டியது வெனிலாவை அல்ல. வெனிலாவுக்குப் பின்னால் கற்றாழை இருக்கிறதா என்பதை.

அந்த மணத்தைப் போலியாகச் செய்வது எளிதல்ல. 1996-ல் வெளியான ஓர் ஆய்வில் டெக்கீலாவில் 175-க்கும் மேற்பட்ட சேர்மங்களை அடையாளம் கண்டார்கள். ரோஜா மணத்துக்குப் பேர்போன ஃபீனைல் எத்தனால், வெனிலின் உள்ளிட்ட ஐந்துதான் மிக வலுவான மணத்தவை. அவற்றைக் கலந்து பார்த்தும் டெக்கீலா வரவில்லை!

முகரும்போது வாயைச் சற்றே திறந்து வைத்தால் சாராய நெடி மூக்கைத் தாக்காது. முதல் வாயை வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்லக்கூடாது. மிளகாய்க் காரத்தை உணர்த்தும் அதே டிஆர்பிவி1 ஏற்பி வழக்கமாக 42 டிகிரி செல்சியஸ் வாக்கில் விழித்துக்கொள்ளும். எத்தனால் அந்த எல்லையை 34 டிகிரிக்கு இறக்கிவிடும். நம் உடல் சூடே 37. அதாவது நம்முடைய வாய்தான் நம்மைச் சுடுகிறது. இரண்டாவது வாயில் அந்த எரிச்சல் பழகிவிடும். விழுங்கியபின் மூச்சை மூக்கு வழியே விட்டால், தொண்டையிலிருந்து மேலேறும் மணத்தில் வெந்த கற்றாழை நின்றால் நல்ல சரக்கு. உதட்டில் பாகுபோல் இனிப்பு ஒட்டிக்கொண்டு, பின்னால் எதுவும் வராவிட்டால் எனக்குச் சந்தேகம்தான்.

வாங்கும்போது லேபிளில் ‘100 சதவீதம் அகாவே’ என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் சர்க்கரையில் 51 சதவீதம் மட்டும் கற்றாழையுடையதாக இருந்தாலே போதும். ‘நோம்’ என்ற எழுத்துகளோடு வரும் எண் ஆலையைக் காட்டிக்கொடுக்கும். வெவ்வேறு விலையுள்ள இரண்டு பிராண்டுகளில் ஒரே எண்ணைக் காணலாம். கையில் காசு குறைவென்றால் நான் அன்யேஹோவை விட்டுவிட்டு, நல்ல ஆலையின் ரெபோசாடோவை எடுப்பேன். ஓராண்டில் ஆவியாய்ப் போனதற்கு நாம் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கற்றாழையும் மரத்துக்குள் முழுதாக மறைந்திருக்காது.