தோட்டத்தை இழந்தோரும் ‘திறனற்ற’ என்னும் அடைமொழியும்

‘தொழில்’ என்னும் சொல்லைத் தமிழ் இரு பொருளில் ஆள்கிறது. ஒருவருக்குக் கைவந்த வினைத்திறமும் தொழில். அவர் வேலை செய்யும் துறையும் தொழில். வேலை நிலைத்திருக்கும்வரை இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும். வேலை போகும்போதுதான் இரண்டும் பிரிகின்றன.

மலேசிய இரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றில் இதனைத் தெளிவாகக் காணலாம். 1950, 1960களில் பெருந்தோட்டங்கள் பல கூறுபோட்டு விற்கப்பட்டன. ‘தோட்டத் துண்டாடல்’ என்று அதற்குப் பெயர். அக்கேட்டைத் தடுக்கும் நோக்குடனேயே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர், பால்மரம் நின்ற நிலங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதும்.

பால்மரம் வெட்டுதல் எளிய வேலையன்று. விடியுமுன் தொடங்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஒழுக்குக் குறையும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை சீராக வளராது. அந்த அளவு நெடுநாள் கைப்பழக்கத்தால்தான் வரும். ஆயினும், செம்பனைக் குலை அறுப்பதற்கோ தொழிற்சாலைப் பொறியை இயக்குவதற்கோ அது உதவாது. இதனையே பொருளியலார் துறைசார் திறன் என்பர். ஒரு துறைக்கே உரிய திறன் மிகுதியாக உடையவர் துறை மாறும்போது ஊதியத்திலும் மிகுதியாக இழக்கிறார். ஆகவேதான் வேலை இழந்தோர் முதலில் அதே துறையில் வேறிடம் தேடுவர். அடுத்த தோட்டமும் செம்பனையாகிவிட்டால் எங்கே தேடுவது?

இங்கு இன்னொன்றும் சேர்ந்தது. லயத்து வீடு வேலையோடு பிணைந்திருந்தது. வேலை போனால் வீடும் போகும். தகுந்த வேலை கிடைக்கும்வரை காத்திருக்க இயலாதவர், முதலில் கிடைத்த காவல் வேலையையோ துப்புரவு வேலையையோ ஏற்பார். 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தோன்றியது. அங்கே எழுந்த மின்னணுத் தொழிற்சாலைகள் இளையோரை ஈர்த்தன. முப்பதாண்டு கத்தி பிடித்த கைகளுக்கு அங்கு வேலை எளிதில் வாய்க்கவில்லை.

படிவங்களிலோ இவர்கள் ‘திறனற்ற தொழிலாளர்’. நாமும் முன்பு ஒரு சொற்பட்டியலில் அத்தொடரைத் தயக்கமின்றி எழுதியதுண்டு. ஆங்கிலத் தொடரின் எதிர்மறை முன்னொட்டை ‘அற்ற’ என்று பெயர்த்தோமே அன்றி, பால்மரப் பட்டையை நினைத்துப் பார்த்தோமில்லை. இன்று எழுதினால் ‘திறனுக்குச் சான்று பெறாத தொழிலாளர்’ என்போம். நீளமான தொடர்தான், மாணவர் குறை சொல்லக்கூடும்.