பூட்டிய அஞ்சல் பெட்டியில் இடம் பண்ணுவது

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் முதலில் 2021 ஜனவரி 22 என்று அறிவிக்கப்பட்டுத் தள்ளிப்போனது. பிறகு 2023 செப்டம்பர் 5 என்று நாள் குறித்தார்கள், அதுவும் தள்ளிவைக்கப்பட்டது. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக்கும் திட்டம் அது. கடலைத் தூர்த்து நிலம் எடுப்பதும் அதில் சேர்த்தி. கூட்டம் தள்ளிப்போனாலும் காகிதம் வருவது நிற்பதில்லை. ஆட்சேப மனு, கையெழுத்துத் தாள், கரை அரித்த படங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் வந்த பதில், வழக்கறிஞரின் குறிப்பு, நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை. துறைமுகத்தை ஒட்டி, பழவேற்காட்டைச் சுற்றியுள்ள எந்த மீனவக் குப்பத்துக்குப் பொது மெயில் இருந்தாலும், இத்தனையும் அதில்தான் வந்து குவியும்.

அந்தப் பொது மெயில் மறையாக்கம் செய்த மெயிலாக இருப்பது நல்லது என்பது என் கட்சி. ஆட்சேப மனு ஊரறிந்த காகிதம், அதற்குப் பூட்டு வேண்டாம். ஆனால் யார் யார் கையெழுத்துப் போடப் போகிறார்கள், வழக்கறிஞர் என்ன யோசனை சொன்னார், யாருடைய ஆதார் நகல் எதில் இருக்கிறது என்பதெல்லாம் வெளியே போகக் கூடாதவை. சுவிட்சர்லாந்தில் 2014-ல் தொடங்கிய புரோட்டான் மெயிலோ ஜெர்மனியின் டூட்டாவோ கடிதத்தை சர்வரில் பூட்டியே வைக்கும். திறக்கும் சாவி நம் பாஸ்வேர்டுக்குள் இருக்கும்.

இந்தப் பூட்டுக்கு நாம் கொடுக்கும் விலை இடம். ஜிமெயில் 15 ஜிபி தருகிறது. புரோட்டானின் இலவசக் கணக்கில் மெயிலுக்கு 1 ஜிபி வரைதான். டூட்டாவிலும் 1 ஜிபி. இன்றைய மொபைலில் எடுத்த ஒரு நிமிட வீடியோ 100 எம்பியைத் தொடும் என்றால், பத்து நிமிடக் காட்சியில் பெட்டி நிறைந்தது. நிறைந்த பெட்டிக்கு வரும் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த 30 நாளில் ஒரு கடிதம் திரும்பினாலும் பாதிப்பு ஊருக்குத்தான்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண மெயிலில் கம்பெனியின் சர்வர் உள்ளே இருப்பதைப் படிக்கும். அதனால் தேடித் தருகிறது, வகைபிரிக்கிறது. பூட்டிய மெயிலில் சர்வருக்குக் கண் கிடையாது. இணைப்பாக வந்த பிடிஎஃப்பின் உள்ளே ‘முகத்துவாரம்’ என்ற சொல் இருக்கிறதா என்று அதனால் சொல்ல முடியாது. தண்டர்பேர்ட் போன்ற செயலியில் பிஜிபி என்ற மறையாக்க முறையில் கடிதம் வாங்குவோருக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கடிதமும் இணைப்பும் ஒரே கட்டாகப் பூட்டப்படுவதால், இணைப்பை மட்டும் கழற்றி எறிந்துவிட்டுக் கடிதத்தை வைத்துக்கொள்ள வழியில்லை. வைத்தால் இரண்டையும் வைக்க வேண்டும், அழித்தால் இரண்டையும் அழிக்க வேண்டும். ஆகவே இங்கே ஒழுங்குபடுத்துவது முழுக்க ஆள் செய்யும் வேலை.

முதலில் பெட்டியை அளவு வாரியாக அடுக்குங்கள். புரோட்டானைக் கணினியில் திறந்தால் கடிதப் பட்டியலுக்கு மேலேயே வரிசைமுறையை மாற்றும் வசதி இருக்கிறது. பெரியது முதலில் வரும்படி வையுங்கள். வந்தவை, அனுப்பியவை, வரைவு, குப்பை என நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். ‘அனுப்பியவை’யை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, பாதி இடம் அங்கேதான் போயிருக்கும். ஒரே வீடியோவைக் கலெக்டர் அலுவலகத்துக்கும் வழக்கறிஞருக்கும் பத்திரிகைக்காரருக்கும் தனித்தனியாக அனுப்பியிருந்தால் மூன்று பிரதி. யாராவது இணைப்போடு திருப்பி அனுப்பினால் நான்காவது.

அடுத்து, எது உயிர்க் காகிதம், எது நகல் என்று பிரிக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது. துறைமுக அறிக்கை, கடலோர மண்டல வரைபடம் போன்ற கனமான பிடிஎஃப்கள் பொது ஆவணங்கள். மத்திய அரசின் பரிவேஷ் தளத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளங்களிலும் கிடைப்பவை. இணையத்திலிருந்து என்றைக்கு வேண்டுமானாலும் அவை காணாமல் போகலாம் என்பதால் ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும், மெயிலில் வேண்டாம். வாரியத்துக்கோ பசுமைத் தீர்ப்பாயத்துக்கோ அனுப்பிய கடிதம் அப்படியல்ல. என்றைக்கு, யாருக்கு அனுப்பினோம் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி. அதைத் தலைப்பு விவரங்களோடு ‘இஎம்எல்’ கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும். புரோட்டானில் மொத்தப் பெட்டியையும் இப்படி இறக்க ஒரு தனிக் கருவியே இருக்கிறது.

மூன்றாவது வகைதான் மிக முக்கியம்: உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. பழவேற்காடு ஏரித் தண்ணீருக்குப் பட்டா கிடையாது. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்தப் பாட்டில், அதாவது எந்த மீன்பிடி இடத்தில், வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரிக்கும் பாட்டுக் கணக்கு ஊர் நோட்டில்தான் இருக்கும். ஈரத்தில் ஊதிப்போய், பேனா மை அடுத்த பக்கத்தில் பதிந்து, ஓரம் கிழிந்த நோட்டு. அதைப் படமெடுக்க ஃப்ளாஷ் போடாதீர்கள். மை மினுங்கி எழுத்து மறையும். காலை வெளிச்சத்தில் வாசல் நிழலில் வைத்து, பக்கத்தின் நான்கு மூலையும் தெரிய, மொபைலை நேர் மேலே பிடித்து எடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எண் எழுதி வைத்தால் பின்னால் வரிசை குழம்பாது. இந்தப் படங்களின் மூலக் கோப்பை எந்தக் காரணத்துக்காகவும் சுருக்கக் கூடாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது படகிலும் வலையிலும் அப்பிய கறையை அங்கத்திய மீனவர்கள் மொபைலில்தான் எடுத்தார்கள். அப்படிப்பட்ட படம் வாட்ஸ்அப்பில் போனால் சுருங்கிவிடும். எடுத்த இடமும் நேரமும் கழன்றுபோகும். அதனால் கடற்கரையிலிருந்து படம் அனுப்பும் பையன்களிடம், “தம்பி, ஃபோட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க” என்று சொல்லிவைப்பது நல்லது. கேமராவில் இருப்பிடத்தைப் பதியும் வசதியைப் போட்டுவைக்கவும் சொல்ல வேண்டும்.

மூலத்தை ஏன் இவ்வளவு பொத்திப் பொத்தி வைக்க வேண்டும் என்றால் அதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்கும்போது ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதன் படிவத்திலேயே கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பைக் கேட்கிறார்கள். ஹாஷ் என்பது கோப்பின் விரல்ரேகை. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் மதிப்பு முழுவதும் மாறிவிடும். விண்டோஸோடு வரும் ‘சர்ட்யூட்டில்’ கட்டளையே ஷா-256 மதிப்பைக் கணக்கிட்டு 64 எழுத்தில் தரும். படம் வந்த அன்றே அதை எடுத்து, தேதி போட்டு, ஊர்க் கணக்கு நோட்டில் எழுதிவிட்டால், இந்தப் படம் அன்றிலிருந்து மாறவில்லை என்று பிறகு காட்ட முடியும்.

இனி பதிவிறக்கம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மெயிலுக்குள் பூட்டியிருந்த இணைப்பை இறக்கிய நொடியே பூட்டு கழன்றுவிடுகிறது; டவுன்லோட் ஃபோல்டரில் அது யாரும் திறக்கக் கூடிய கோப்பு. மொபைலில் இறக்கினால், தானாகவே மேகச் சேமிப்பில் ஏற்றும் வசதி அதைக் கூகுளுக்கு அனுப்பிவிடவும் கூடும். ஆகவே ஊர்க் காகிதத்தைக் கணினியில்தான் இறக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கையும் வெராகிரிப்ட் போன்ற இலவசச் செயலியால் பூட்ட வேண்டும். டிஸ்க் இரண்டு வேண்டும். உப்புக் காற்று யுஎஸ்பி முனையை அரித்துவிடும் என்பதால் இரண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஒன்று ஊரில் இருந்தால் மற்றது பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ நம்பிக்கையானவரிடம் இருக்கட்டும். இரண்டும் ஏரிக்கரையிலேயே இருந்தால் வெள்ளத்தில் ஒன்றாகப் போய்விடும்.

பெட்டிக்கு வெளியே பிரதி வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்குப் புரோட்டான் வழியாகப் பொய் வெடிகுண்டு மிரட்டல் போனபோது, அந்தச் சேவையையே இந்தியாவில் முடக்கும் பேச்சு எழுந்தது. 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதை முடக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. யாரோ செய்த குற்றத்துக்காக ஒரு குப்பத்தின் மொத்தக் காகிதமும் கைக்கு எட்டாமல் போக நாம் இடம் கொடுக்கக் கூடாது.

இறக்கியதும் அழித்துவிடாதீர்கள். இரண்டாவது டிஸ்க்கை வேறு கணினியில் செருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். வீடியோவைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். பாதியில் அறுந்து இறங்கிய கோப்பும் முதல் நிமிடம் நன்றாகவே ஓடும். நோட்டில் எழுதிய ஹாஷோடு ஒத்துப் போனால், அதன் பிறகு மெயிலில் இருப்பதை அழியுங்கள். குப்பைக்குப் போன கடிதமும் இடத்தில் கணக்குதான். குப்பையைக் காலி செய்தால்தான் அளவு இறங்கும்.

இனி அனுப்பும்போது சுருக்குவது. கடிதத்துக்கு 25 எம்பி என்பது புரோட்டான், டூட்டா, ஜிமெயில் மூன்றுக்கும் பொதுவான எல்லை. ஆனால் இணைப்பை எழுத்தாக மாற்றி அனுப்பும் முறையில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்; 20 எம்பி கோப்பு வழியில் 27 எம்பியாகி அந்தப் பக்கம் நுழையாமல் திரும்பலாம். அரசு அலுவலகத்துக்கு 10 எம்பியைத் தாண்டாமல் அனுப்புவது என் வழக்கம். மனுவையும் கையெழுத்துத் தாளையும் கறுப்பு வெள்ளையில் 200 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் போதும், எழுத்து தெளிவாகவே இருக்கும். படங்களை நீளப் பக்கம் 1600 பிக்சலுக்கு இறக்கினால் 4 எம்பி படம் அரை எம்பிக்குள் அடங்கும். ‘ஜிப்’ போடுவதில் பயனில்லை. மொபைல் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. வீடியோவை இணைக்கவே வேண்டாம். புரோட்டானின் டிரைவில் ஏற்றி, பாஸ்வேர்டும் முடிவு தேதியும் போட்ட லிங்க்கை வழக்கறிஞருக்கு அனுப்பலாம். கலெக்டர் அலுவலகத்துக்கு அப்படி அனுப்பக் கூடாது; பூட்டிய லிங்க்கை அங்கே யாரும் திறக்கப் போவதில்லை. அவர்களுக்கு பென் டிரைவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குவதுதான் முறை. ஆதார் நகல் அவசியமென்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் வகையை அனுப்புங்கள்.

பொருள் வரியில் கவனம் வேண்டும். புரோட்டானிலும் வழக்கமான பிஜிபி கடிதத்திலும் பொருள் வரி பூட்டுக்குள் வராது, டூட்டாவில் வரும். அதனால் பொருள் வரியில் ஆள் பெயர் எழுதாதீர்கள். ஆனால் தேடும்போது உதவப்போவதும் அதுதான். ‘2023-09 காட்டுப்பள்ளி ஆட்சேபம் 03’ என்பதுபோல ஆண்டு, மாதம், விஷயம், வரிசை எண் என்று ஒரே மாதிரி வையுங்கள். இணைப்பின் பெயரும் அதே முறையில் இருக்கட்டும். ‘ஸ்கேன் புதுசு ஃபைனல்’ என்ற பெயரில் கிடக்கும் கோப்பை அடுத்த வருடம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கடைசி வேலை, சாவியைக் கைமாற்றுவது. ஊர்ப் பஞ்சாயத்தில் பொறுப்பாளர் மாறுவது வழக்கம். பாஸ்வேர்டு மறந்து, மீட்புச் சொற்கள் இல்லாமல் புதிதாக வைத்தால், புரோட்டானில் கணக்கு திறக்கும். ஆனால் பழைய கடிதங்கள் பூட்டியே கிடக்கும். கம்பெனியாலும் திறக்க முடியாது. கணக்கு தொடங்கும்போது கிடைக்கும் 12 மீட்புச் சொற்களைக் காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, டிஸ்க் இருக்கும் டப்பாவில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். பொறுப்பு மாறும் நாளில் புதியவர் முன்னாலேயே பாஸ்வேர்டை மாற்றி, புதிய சொற்களை எழுதி, பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் உட்பட எந்த மாதமும் தவறாமல் ஒருமுறை உள்ளே நுழைந்து பாருங்கள். இலவசக் கணக்கைப் பல மாதம் தொடாமல் விட்டால் இந்தச் சேவைகள் மூடிவிடும்; டூட்டாவில் அந்தக் கெடு ஆறு மாதம்.