தவிட்டோடு போகும் உயிர்ச்சத்து

அன்றாட உணவுக்காக மன்றாட ஆண்டவர் நமக்குக் கற்பித்தார். அவ்வுணவின் சத்தை நாமே வீணாக்கலாமா?

1890-ஆம் ஆண்டையொட்டி ஜாவாத் தீவில் ஆய்வு நடத்திய டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் முடங்கி விழுவதையும், தவிடு நீக்காத அரிசியைத் தந்ததும் அவை தேறுவதையும் கண்டார். நரம்பையும் இதயத்தையும் தாக்கும் ‘பெரிபெரி’ நோய்க்குத் தவிட்டிலுள்ள பி-1 உயிர்ச்சத்தின் குறைவே காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. பாலூட்டும் தாய்க்கு இது குறைந்தால் கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

நெல்லைப் புழுக்கும்போது இச்சத்து அரிசிக்குள் ஊறிவிடுகிறது. ஆதலால் பச்சரிசியினும் புழுங்கலரிசி நன்று. அரிசியைப் பன்முறை களைவதையும், வடிகஞ்சியைக் கொட்டுவதையும் தவிர்ப்போம். பயறும் நிலக்கடலையும் உடன் சேரட்டும். நோய்க்குறி கண்டால் மருத்துவரை நாடத் தயங்கலாகாது.

வெள்ளைச் சோறே பெருமை என்னும் எண்ணம் அகலட்டும். இறைவன் நெல்லில் வைத்த நலம் நம் குழந்தைகளைச் சேரட்டும்.