உதிரிப்பாகங்களில் ஒரு பேஸ் கிற்றார்: காசை எதில் போடுவது?

நண்பர் ஒருவர் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறார். கை சிறியது. ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் தடித்த ஒலிதான் அவருக்கு வேண்டும். ஆனால் அதன் அகன்ற கழுத்தோடு மூன்று மணிநேர நிகழ்ச்சியை முடிக்கும்போது மணிக்கட்டு வலிக்கிறது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கித் தானே பூட்டப்போவதாகச் சொன்னார். சேமிப்புக் காசு. பொருந்தாவிட்டால் என்னாவது என்று அவருக்காகத் தேடத் தொடங்கினேன்.

பொருந்தும். காரணம், கலிபோர்னியாவில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். 1951இல் வந்த அவரது பிரிசிஷன் பேஸில் கழுத்து ஒட்டப்படவில்லை. நான்கு ஸ்குரூ ஆணிகளால் உடலோடு பூட்டப்பட்டது. பழுதானால் கழற்றி மாற்றலாம். 1960இல் வந்த ஜாஸ் பேஸின் கழுத்து, தலைப்பக்கத்தில் சுமார் 38 மில்லிமீற்றர்தான். பிரிசிஷனில் 41 முதல் 44 வரை. ஆனால் உடலுக்குள் இறங்கும் அடிப்பகுதி இரண்டிலும் ஒரே அகலம், ஏறத்தாழ 63.5 மில்லிமீற்றர். ஆகவே பிரிசிஷன் உடலில் ஜாஸ் கழுத்து உட்காரும். வேறு நிறுவனங்களின் கழுத்துகள் அப்படி உட்காரும் என்று நம்பி வாங்க வேண்டாம். அளவைக் கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், காசில் பெரும்பகுதியைக் கழுத்துக்கே ஒதுக்குவேன். நான்கு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அதைத் தாங்குவது மரமும் அதற்குள் ஓடும் உருக்குக் கம்பியும்தான். விரல் நாள் முழுக்கத் தொடுவதும் அதைத்தான். உடலுக்கு ஆஷ் மரமா, ஓல்டர் மரமா என்ற சண்டை இணையத்தில் ஓய்வதில்லை. நான் எடையை மட்டும் பார்ப்பேன். உடல் மிக இலேசாகவும் முறுக்காணிகள் பாரமாகவும் இருந்தால், கையை எடுத்தவுடன் கழுத்து கீழே சாயும்.

பிக்கப்பைப் பிறகும் மாற்றலாம். 1957 முதல் பிரிசிஷனில் அது இரு துண்டுகளாக வருகிறது. மின் இரைச்சலை ஒன்றை ஒன்று அடக்கிவிடும்.

பாலத்தைத் துளையிடுவதுதான் திரும்பிப்போக முடியாத வேலை. தலைப்பக்க விளிம்பிலிருந்து தந்தி பாலத்தில் தொடும் இடம்வரை 34 அங்குலம். 12ஆவது கட்டை சரிபாதியில், 17 அங்குலத்தில் வரவேண்டும். தடித்த தந்திக்குச் சற்றுக் கூடுதல் நீளம் தேவைப்படும் என்பதால் பாலத்தின் சிறு தாங்கிகளுக்குப் பின்னால் நகர இடம் விடவேண்டும். துளையிடமுன் இரண்டு ஓரத் தந்திகளின் வழியே நூல் கட்டிப் பாருங்கள். இரு பக்கமும் கழுத்தின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் நூல் ஓடவேண்டும்.

இப்படிப் பூட்டியதை விற்கப்போனால் பாகங்களுக்குக் கொடுத்த விலைகூட வராது. நண்பரிடம் இதைச் சொன்னேன். விற்கும் எண்ணமில்லை என்றார்; கழுத்துக்கு ஓடர் கொடுத்துவிட்டார்.