துப்பாக்கிக்கு ஸ்கோப் வாங்குமுன்

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் சங்க அன்பர் ஒருவர் என் வீட்டிற்கு வந்தார். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, டேராடூனிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர். தோளில் உறையிட்ட பழைய .22 ரைஃபிள். செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த பிர்னோ. போல்ட் ஆக்‌ஷன் வகை.

"அண்ணே, லைசென்ஸ் புதுப்பிக்கிற வருஷம் இது. இந்தத் தடவை துப்பாக்கியை ஒப்படைச்சிடலாம்னு பார்க்கிறேன். கை போயிடுச்சு" என்றார்.

ஒரு காலத்தில் 50 மீட்டர் தூரத்தில் ஐந்து தோட்டாக்களை ஒரு ரூபாய் நாணயத்தின் கீழ் அடக்கியவர் அவர். இப்போது காப்பி டவரா அளவுக்குள்கூட நிற்கவில்லையாம். இத்தனைக்கும் மூன்று மாதம் முன்புதான் மகன் விலை உயர்ந்த ஸ்கோப் ஒன்றை வாங்கிக் கொடுத்து, கடைக்காரரே பொருத்தியும் தந்திருக்கிறார். அதன் பிறகு குறி இன்னும் மோசம். முப்பது ஆண்டுகள் ஒளியியல் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கொண்டு வந்திருந்தார்.

அவருக்கு ஸ்கோப் தேவைதான், அதில் ஐயமில்லை. சாதாரணக் குறிமுள்ளில் சுடும்போது பின்குறி, முன்குறி, இலக்கு என்று மூன்று தூரங்களில் உள்ளவற்றைக் கண் ஒரே சமயத்தில் சமாளிக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியபின் கண்ணின் லென்ஸ் இறுகிவிடுவதால் பின்குறி மங்குகிறது, பிறகு முன்குறியும் மங்குகிறது. ஸ்கோப்பில் குறுக்குக் கம்பியும் இலக்கும் ஒரே தளத்தில் தெரிவதால் அந்தத் தொல்லை இல்லை.

பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த நம் இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும், ஒலிம்பிக்கில் உள்ள 50 மீட்டர் ரைஃபிளிலும் துப்பாக்கியில் லென்ஸ் எதுவும் பொருத்த விதிகள் இடம் தருவதில்லை. துளை வழியாகப் பார்க்கும் குறிதான். ஆகவே பயிற்சியாளரைக் கேட்காமல் ஸ்கோப் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். காட்டுக்குப் போய் வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துபோன கதை. அங்கீகாரம் பெற்ற ரேஞ்சில் பொழுதுபோக்காகச் சுடுபவருக்கும், பெஞ்ச்ரெஸ்ட் என்று மேசையில் வைத்துச் சுடுபவருக்கும், நம் சுபேதாரைப் போன்ற கண்களுக்கும்தான் ஸ்கோப்.

உறையைப் பிரித்தேன். 24 மடங்குவரை பெரிதாக்கும், முகப்பு லென்ஸ் 50 மி.மீ. கொண்ட பெரிய ஸ்கோப். அழகான கண்ணாடி, குறை சொல்ல முடியாது. அது உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது.

இந்த வகை .22 ரைஃபிள்களின் மேற்பகுதியில் 11 மி.மீ. அகலத்தில் இரு பக்கமும் சரிவாக வெட்டிய காடி இருக்கும். டவ்டெயில் என்பார்கள். அதற்கென்றே வளையங்கள் கிடைக்கின்றன. கடைக்காரரிடம் அவை இல்லை போலும். காடியின் மேல் ஒரு மாற்றுப் பட்டையைக் கவ்வ வைத்து, அதன் மேல் வேறு வகை வளையங்களை ஏற்றி, அதற்கும் மேலே ஸ்கோப்பை வைத்திருந்தார். பட்டையின் கவ்விச் சரிவு காடியின் சரிவோடு ஒத்துப்போகவில்லை. ஓர் ஓரத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது. பின்வளையத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். கண்ணுக்குத் தெரியாத அசைவு ஒன்று விரலுக்குத் தெரிந்தது.

அந்த அசைவின் விலை என்ன என்று அவருக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். முன்வளையத்துக்கும் பின்வளையத்துக்கும் இடையே 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்வளையம் 0.1 மி.மீ. நகர்ந்தால், அதாவது ஒரு தலைமுடிக் கனம் நகர்ந்தால், ஆயிரத்தில் ஒரு பங்கு கோணம் மாறுகிறது. 50 மீட்டரில் அது 50 மி.மீ. 100 மீட்டரில் 100 மி.மீ. எந்தக் கண்ணாடி போட்டும் இதைச் சரிக்கட்ட முடியாது. போட்டி இலக்கில் 50 மீட்டருக்கான பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10.4 மி.மீ.தான் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் 1942 முதல் பிரிட்டிஷ் படையில் வந்த லீ என்ஃபீல்டு நம்பர் 4 (டி) ரைஃபிளின் ஸ்கோப் வெறும் 3 மடங்குதான். ஆனால் அதைத் தாங்கும் சட்டத்தை ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனித்தனியே இழைத்துப் பொருத்தி, ஸ்கோப்பின் எண்ணை ரைஃபிளின் கட்டையிலேயே பொறித்தார்கள். ஒன்றின் ஸ்கோப்பை மற்றொன்றில் மாட்டக்கூடாது. அவர்கள் கவலைப்பட்டது எதற்காக என்று பாருங்கள்.

எனவே முதலில் துப்பாக்கியின் மேற்பகுதியை வெர்னியரால் அளந்து கொள்ளுங்கள். பிறகு அதற்கேற்ற மௌண்ட். அதன் பிறகுதான் ஸ்கோப். குறுக்குப் பள்ளங்கள் உள்ள பட்டையானால் அதிலும் இரண்டு வகை உண்டு. பிக்கட்டினி பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., வீவர் பள்ளம் 4.57 மி.மீ. வீவர் வளையம் பெரும்பாலும் பிக்கட்டினியில் உட்காரும், பிக்கட்டினி வளையம் வீவரில் இறங்காது. ஸ்கோப்பின் குழாய் 25.4 மி.மீ.யா 30 மி.மீ.யா என்பதையும் வளையம் வாங்கும்போதே சொல்ல வேண்டும். 30 மி.மீ. குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று கடைகளில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். அதில் பொதுவாகக் கிடைப்பது திருகிச் சரிசெய்யும் இடம் சற்றுக் கூடுதல், அவ்வளவே. நம் நாட்டு .315 ரைஃபிளில் தயாராகக் காடி இல்லையென்றால் துளை போட வேண்டிவரும். அதை உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம்தான் கொடுக்க வேண்டும், பக்கத்து லேத் பட்டறையில் அல்ல. மேலும் அதன் உதைப்பு அதிகம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 9 அல்லது 10 செ.மீ. இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் புருவத்தில் பிறை வடிவத் தழும்பு நிச்சயம்.

இனி கண்ணாடி. முகப்பு லென்ஸின் அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 4x32 என்றால் 8 மி.மீ. சுபேதாரின் ஸ்கோப்பை 24 மடங்கில் வைத்தால் 2.1 மி.மீ.தான், தலை சற்று நகர்ந்தாலும் இருட்டு. அவர் எப்போதும் 24-லேயே வைத்திருந்தார். "காசு கொடுத்தது அதுக்குத்தானே அண்ணே?" என்றார். அந்தப் பெருக்கத்தில் நாடித் துடிப்புகூடக் குறுக்குக் கம்பியில் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து, கம்பி நடுவே வரும் நொடியில் விசையை வெடுக்கென்று இழுத்துவிடுகிறோம். கோடையில் நம் ஊர் மைதானத்தில் கானல் வேறு கொதிக்கும். 50 மீட்டருக்கு 4 முதல் 8 மடங்கு ஏராளம்.

50 மி.மீ. முகப்பு குழல்மேல் இடிக்காமலிருக்க உயரமான வளையம் போட வேண்டியிருந்ததால் கன்னம் கட்டையில் படியாமல் தாடையை முட்டுக்கொடுத்துச் சுட்டிருக்கிறார். அதனால் கண் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில். இது வெறும் வசதிக்குறைவு அன்று. பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கஜத்துக்குப் பிழையில்லாமல் செய்கிறார்கள்; .22-க்கானவற்றை 50 கஜத்துக்கு. 100 கஜ ஸ்கோப்பை 50 மீட்டரில் பயன்படுத்தினால், 40 மி.மீ. முகப்பில் கண் ஓரத்துக்குப் போகும்போது பிழை 9 மி.மீ. வரை வரலாம். பாரலாக்ஸ் என்பது இதுதான். தலையை லேசாக ஆட்டிப் பாருங்கள். குறுக்குக் கம்பி இலக்கின் மேல் நீந்தினால் அந்தப் பிழை இருக்கிறது என்று பொருள்.

காடிக்கு நேராக உட்காரும் தாழ்ந்த 11 மி.மீ. வளையங்களும், .22-க்கென்று செய்த 4x32 ஸ்கோப் ஒன்றும் வாங்கினோம். மகன் கொடுத்ததன் விலையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. துப்பாக்கி காலியா என்று இருவரும் தனித்தனியே பார்த்தபின், காடியையும் திருகுகளையும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்தோம். மூக்குக்கண்ணாடியோடு வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கம்பி கூர்மையாகத் தெரியும்வரை கண்பக்க வளையத்தைத் திருப்பச் சொன்னேன். கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நிற்கும் கம்பியை அந்த நூலோடு ஒட்ட வைத்தோம். வளையத் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, 2 நியூட்டன் மீட்டர் அளவே முறுக்கினோம். பலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கி உள்ளே உள்ள பொறி சிக்கிக்கொள்ளும்.

ரேஞ்சில், மணல் மூட்டைமேல் ரைஃபிளை வைத்து, போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியாகவே இலக்கைப் பார்த்துக் கம்பியை அதற்கு நேராகக் கொண்டுவந்தோம். போல்ட் ஆக்‌ஷனில் கிடைக்கும் இந்தச் சௌகரியத்தால் தோட்டா வீணாகாது. பிறகு மூன்று தோட்டா, 36 மி.மீ. கீழே விழுந்தன. கால் எம்.ஓ.ஏ. திருகில் ஒரு கிளிக் 50 மீட்டரில் 3.6 மி.மீ. பத்து கிளிக் மேலே. அடுத்த ஐந்தும் ஒரு ரூபாய்க்குள் வரவில்லை, ஐந்து ரூபாய்க்குள்ளும் வரவில்லை. ஒரு தீப்பெட்டிக்குள் வந்தன. அவர் ஒன்றும் பேசாமல் நெடுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐம்பது தோட்டா ஆனதும் திருகுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். லைசென்ஸ் விண்ணப்பம் போட்டாகிவிட்டது. அந்தப் பெரிய ஸ்கோப்பை மகனுக்குத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லையாம். சாயங்காலங்களில் மொட்டை மாடியில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேரனுக்கு முசூரி மலை விளக்குகளைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.